கையாற் பேசிக் கண்ணாற் கேட்கும் இளைஞர்கள்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாட் காலை. பல நாட்களாக நீடித்த ஊரடங்குச் சட்டம் சில மணி நேரத்துக்குத் தளர்த்தப்பட்டிருந்தது. மருந்துக் கடையொன்றின் முன் நீண்ட வரிசை. ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே ஒரு மீற்றர் தூரம் இருத்தல் வேண்டும் என்று நிலத்திலே சுண்ணாம்பினால் வட்டங்கள் கீறியிருந்தார்கள். அவ்வட்டங்களுள் ஒன்றில் நானும் நின்றேன்.

எனக்கு முன்னே இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் நின்றான். அவனுடைய முறை வந்ததும் வைத்தியர் எழுதிய துண்டை நீட்டினான். முகக்கவசம் அணிந்திருந்த கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ கூறினார். இளைஞன் மறுமொழி கூறவில்லை. அவருடைய முகத்தையே உற்று நோக்கினான். அவர் உரத்த குரலில் மறுபடியும் கூறினார். அவன் அப்போதும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வரிசையில் நின்ற ஒருவர், “என்ன தம்பி, காது கேளாதோ?” என்று சினந்தார்.

ஆம், அவனுக்குக் காது கேளாது. மற்றைய நாட்களில் அவன் பிறருடைய உதடுகளின் அசைவைக் கொண்டு பாதியையாவது ஊகித்துக்கொள்வான். அந்த உதடுகளை இப்பொழுது ஒரு துணி மறைத்துவிட்டது. நான் பையிலிருந்த கடித உறையின் பின்புறத்தில், “இந்த மருந்து இல்லையாம், இதே வகையில் வேறொன்று இருக்கிறதாம், தரலாமா என்று கேட்கிறார்” என்று எழிதிக் காட்டினேன். அவன் தலையசைத்தான். மருந்தை வாங்கிக்கொண்ட பின்னர் என் பேனாவை வாங்கி, அதே உறையில் எழுதினான்: “நன்றி சேர். மூன்று கிழமைக்குப் பிறகு இன்றுதான் ஒருவர் என்னோடு கதைத்தார்.”

அந்த வரி என்னை நெடுநாள் வருத்தியது. அவன் தாய் தந்தையரோடுதான் வாழ்கின்றான். அவர்களும் அவன்மீது அன்புடையவர்களே. ஆனால் அவர்களுக்குச் சைகை மொழி தெரியாது. அம்மொழி தெரிந்த நண்பர்கள் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் ஓரிடத்திற் கூடிக் கதைப்பது அவர்கள் வழக்கம். ஊரடங்கு வந்தது, கூட்டம் நின்றது, அத்துடன் அவனுடைய பேச்சும் நின்றது. உலகெங்கும் இத்தகைய இளைஞர்கள் எத்தனை பேர் இருப்பர், அவர்களை ஒன்றுசேர்த்து வைத்திருந்தோர் யாவர் என்று தேடிப் படிக்கலானேன். அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

ஒரே வீட்டில் ஒரு தனிமை

உலகில் ஏறக்குறைய ஏழு கோடிக் காதுகேளாதோர் வாழ்கின்றனர் என்பது உலகக் காதுகேளாதோர் சம்மேளனத்தின் மதிப்பீடு. அவர்களிடையே முந்நூறுக்கு மேற்பட்ட சைகை மொழிகள் வழங்குகின்றன. காதுகேளாத குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் செவிப்புலன் உள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆகவே ஒரு தமிழ்க் குழந்தை தாய்மடியிலே தமிழைக் கற்பதுபோல அவர்கள் தமது மொழியைத் தாய்மடியிலே கற்பதில்லை. பாடசாலை விடுதியிலும், விளையாட்டு மைதானத்திலும், சங்கத்திலும், இளைஞர் பாசறையிலும் தம்மைப் போன்றவர்களைக் கண்ட பின்னரே கற்கின்றனர்.

இதன் பொருளைச் சிறிது ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். எமக்குக் கூட்டம் என்பது பொழுதுபோக்கு. போனாலும் போகலாம், விட்டாலும் விடலாம். அவர்களுக்கோ கூட்டமே மொழி வாழும் வீடு. யாழ்ப்பாணத்திலே கைதடி நவீல்ட் பாடசாலையின் வாயிலில் மாலை வேளையில் நின்று பார்த்தவர்கள் இதை அறிவர். விடைபெற மனமின்றிப் பிள்ளைகள் கைகளால் கதைத்துக்கொண்டே நிற்பார்கள். வீட்டுக்குப் போனால் அக்கதை தொடராது என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியும்.

‘ஊமையன் கனாக் கண்டதுபோல’ என்று எம்மிடையே ஒரு பழமொழி உண்டு. கண்டதைச் சொல்ல வழியில்லாதவன் என்பது அதன் கருத்து. பழமொழியை ஆக்கியவர் சைகை மொழியைக் கண்டதில்லைப் போலும். பரதநாட்டியத்திலே ஒரு முத்திரை தாமரையாகவும், மானாகவும், அழைப்பாகவும் பொருள் தருவதை நாம் பார்த்து மகிழ்கின்றோம். சைகை மொழி அதனினும் விரிந்தது. அதற்குச் சொற்கள் உண்டு; இலக்கணம் உண்டு; கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் திசை, முகத்தின் பாவம் ஆகிய யாவும் பொருளை மாற்றும். வழக்கு வாதம் முதல் விஞ்ஞான பாடம் வரை அம்மொழியில் நடைபெறுகின்றன. பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஒரே ஆங்கிலத்தைப் பேசினாலும், அவ்விரு நாடுகளின் சைகை மொழிகள் ஒன்றையொன்று ஒவ்வாதவை. அமெரிக்கச் சைகை மொழி பிரெஞ்சுச் சைகை மொழிக்கே உறவுடையது.

ரோமாபுரியில் ஒரு தொடக்கம்

இம்மொழிக்கு நேர்ந்த இடர்கள் சிலவல்ல. 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரிலே காதுகேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களின் சர்வதேச மகாநாடு ஒன்று கூடிற்று. வாய்ப்பேச்சே கல்விக்கு உகந்தது என்றும் சைகையை வகுப்பறையிலிருந்து விலக்க வேண்டும் என்றும் அங்கே தீர்மானித்தார்கள். அத்தீர்மானத்தின் பின் பல நாடுகளின் பாடசாலைகளிலே பிள்ளைகளின் கைகள் தடுக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரில் நிகழ்ந்த அதே வரிசை மகாநாடுதான் அத்தீர்மானங்களைப் புறந்தள்ளி வருத்தம் தெரிவித்தது. இடையிலே கழிந்தவை 130 ஆண்டுகள்!

பிறர் தமக்காகத் தீர்மானிக்கும் நிலை மாறவேண்டும் என்று காதுகேளாதோர் தாமே எண்ணியதன் விளைவாக, 1951 செப்டெம்பர் 23இல் ரோமாபுரியில் உலகக் காதுகேளாதோர் சம்மேளனம் தோன்றியது. அதன் தலைமைப் பணிமனை பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் உள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தேசிய சங்கங்கள் அதில் அங்கம் வகிக்கின்றன. நீண்ட காலம் அதன் தலைமைப் பொறுப்புகளை வகித்த பின்லாந்துப் பெண்மணி லீசா கௌப்பினென், 2013இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதலாவது காதுகேளாதவர் அவரே. 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமைச் சமவாயத்திற் சைகை மொழி இடம்பெறுவதற்கு அவரைப் போன்றோர் உழைத்தனர். 2017 டிசெம்பரில் அச்சபை, சம்மேளனம் பிறந்த செப்டெம்பர் 23ஐயே சர்வதேச சைகை மொழிகள் தினமாகப் பிரகடனஞ் செய்தது.

முதியோர் வளர்த்த இம்மரத்தில் 1995ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு புதிய கிளை தோன்றியது. அதுவே சம்மேளனத்தின் இளைஞர் பிரிவு. பதினெட்டு முதல் முப்பது வயது வரையுள்ளோர் அதற்கு உரியவர்கள். சிறுவர், கனிஷ்டர், இளைஞர் என வகுத்து அது நடத்தும் சர்வதேசப் பாசறைகளிலே வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் முதன்முறையாக ஒருவரையொருவர் சந்திக்கின்றனர். தம் ஊரில் ‘குறையுள்ள பிள்ளை’ என்று இரங்கப்பட்ட ஒருவன், அங்கே தன்னைப் போன்ற பலரைக் கண்டு நிமிர்கின்றான். ஐரோப்பாவில் 1987 முதற் காதுகேளாத இளைஞருக்குத் தனிச் சங்கமொன்று இயங்கி வருகின்றது. டென்மார்க்கில் 2005 முதல் காதுகேளாத இளைஞருக்கான சர்வதேசத் தலைமைத்துவப் பயிற்சி நெறியொன்றும் நடைபெற்று வருகின்றது. சங்கங்களை நடத்தும் வித்தையை இவ்விளைஞர்கள் முறையாகவே பயில்கின்றனர்.

வாய்த்த காலம் அதுவாயிற்று

சம்மேளனத்தின் உலக மகாநாடு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடும். 2019 யூலையில் அது பாரிஸ் நகரிற் கூடியது. ‘அனைவர்க்கும் சைகை மொழி உரிமை’ என்பது அதன் தொனிப்பொருள். அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் மறே சம்மேளனத்தின் புதிய தலைவராகத் தெரிவானதும் அங்கேதான். பல திசைகளிலிருந்தும் வந்த காதுகேளாதோர் பெருந்திரளாகக் கூடி, கைகளை உயர்த்தி அசைத்துத் தமது ஓசையற்ற கரகோஷத்தைச் செய்தனர். அடுத்த மகாநாடு 2023 யூலையில் தென்கொரியாவின் ஜெஜு தீவில் என்று குறிக்கப்பட்டது.

இவ்விரு மகாநாடுகளுக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக. உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19ஐ சர்வதேச அவசர நிலையாக அறிவித்தது 2020 ஜனவரி 30இல். அதனைப் பெருந்தொற்று என்று கூறியது மார்ச் 11இல். அவசர நிலை நீங்கியதாக அறிவித்தது 2023 மே 5இல். ஆகவே பாரிஸிலே பொறுப்பேற்று ஜெஜுவில் அதனை இறக்கி வைத்த இளைஞர்களுக்கு, முதல் ஆறு மாதமும் இறுதி இரண்டு மாதமும் நீங்கலாக, பதவிக்காலம் முழுவதும் பெருந்தொற்றுக் காலமாகவே அமைந்துவிட்டது. பாசறை நடத்தவும், நாடு நாடாகச் சென்று இளைஞரைச் சந்திக்கவும் எண்ணி வந்தவர்கள் அவர்கள். விமானங்கள் நின்றன, எல்லைகள் மூடப்பட்டன. காதுகேளாதோரின் உலக விளையாட்டு விழாவாகிய டெஃப்லிம்பிக்ஸ் கூட 2021 டிசெம்பரிலிருந்து 2022 மே மாதத்துக்குப் பிற்போடப்பட்ட பின்னரே பிரேசிலின் கஷியாஸ் டோ சூல் நகரில் நடைபெற்றது.

இவ்விளைஞர் தலைவர்கள் சம்பளம் பெறுவோர் அல்லர், தொண்டர்கள். பகலிலே ஒருவர் பல்கலைக்கழக மாணவர், ஒருவர் ஆசிரியை, ஒருவர் பணிமனை ஊழியர் என்றிவ்வாறே இத்தகைய செயற்குழுக்கள் அமைவது வழக்கம். சொந்தப் பிழைப்பு ஆட்டங் கண்ட அதே வேளையில்தான் உலக அமைப்பின் பொறுப்பும் அவர்கள் தோளில் இருந்தது. விரிவுரைகள் திரைக்கு மாறியபோது மொழிபெயர்ப்பாளரின்றித் தவித்த மாணவர்களுள் இவர்களைப் போன்றோரும் அடங்குவர். தானே நீரில் நிற்பவன் பிறனுக்குக் கைகொடுக்க வேண்டியிருந்தது.

திரையிலே கூடிய சபை

அக்காலத்தில் என்னைப் போன்ற ஆசிரியர்களும் திரையிலே வகுப்பு நடத்தினோம். நாற்பது மாணவர் பெயர்கள் கறுப்புக் கட்டங்களில் இருக்கும். முகம் ஒன்றும் இராது. “சேர், சிக்னல் இல்லை, கமராவை நிறுத்திவிட்டேன்” என்று ஒரு குரல் வரும். நானும் சரி என்று பாடத்தைத் தொடர்வேன். படம் இல்லாவிடினும் குரல் இருந்தது, வகுப்பு நடந்தது.

காதுகேளாதோர் கூட்டத்திற் கமராவை நிறுத்துவது வாயைப் பொத்துவதற்குச் சமானம். படம் ஒன்றே அங்கே பேச்சு. அந்தப் படமும் சீராக ஓட வேண்டும். ஒரு விநாடிக்கு இருபது படங்கள் அளவிலாவது ஓடினாலன்றி விரைந்து அசையும் கையின் சைகை தெளிவாக விளங்காது. நகரத்திலே நல்ல இணைப்பு உள்ளவர் தடையின்றிப் பேசுவார். கிராமத்திலிருந்து இணைபவரின் கை பாதியில் உறைந்து நின்றுவிடும். சொல்லும் பாதியில் அறுந்துவிடும். ஏழை நாட்டு இளைஞருக்கு இணையக் கட்டணமே பேச்சுரிமைக்கு இட்ட வரி ஆயிற்று.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். சூம் முதலிய கருவிகள் செவிப்புலன் உள்ளவர்களை எண்ணி ஆக்கப்பட்டவை. எவர் ஒலி எழுப்புகின்றாரோ அவரையே அவை பெரிதாக்கிக் காட்டும். காதுகேளாதவர் ஒருவர் மிக முக்கியமான கருத்தைக் கைகளால் விளக்கிக்கொண்டிருப்பார். எங்கோ ஒருவர் வீட்டில் நாய் குரைக்கும். உடனே கருவி அந்த வீட்டைப் பெரிதாக்கிக் காட்டும்! ஆகவே கூட்டத்தை நடத்துபவர், பேசுகின்றவரின் படத்தைத் தாமே தேடிப் பெரிதாக்கி நிறுத்த வேண்டும். ஒருவரையன்றிப் பலரை ஒருங்கே நிறுத்தும் வசதி 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான் வந்தது.

நேரிலே கூடியிருக்கும்போது ஒருவரின் கவனத்தை அழைக்க அவர்களுக்கு வழிகள் பல உண்டு. கையை வீசுவார்கள், தோளைத் தொடுவார்கள், மின்விளக்கை அணைத்து ஏற்றுவார்கள், பலகைத் தரையாயின் காலால் தட்டி அதிர்வை உண்டாக்குவார்கள். திரையில் இவற்றுள் ஒன்றும் பயன்படாது. எல்லோரும் பார்க்கின்றனரா என்று தலைவர் கட்டம் கட்டமாக நோக்கி உறுதி செய்த பின்னரே ஒருவரைப் பேச விடுதல் வேண்டும். நாம் காதைக் கொடுத்துக்கொண்டு கண்ணைச் சிறிது மூடியிருக்கலாம், தேநீர் ஆற்றலாம், குறிப்பெடுக்கலாம். அவர்கள் கண்ணை எடுத்த கணத்திலே பேச்சை இழக்கின்றனர். இரண்டு மணி நேரக் கூட்டம் முடிகையில் கண்கள் எரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நேரத்தின் தொல்லை வேறு. மாரி காலத்தில் ஹெல்சிங்கியிலே பிற்பகல் 2 மணிக்குக் கூட்டம் என்று வைப்போம். நியூயோர்க்கில் இருப்பவருக்கு அது காலை 7 மணி. கொழும்பில் மாலை 5.30. சிட்னியில் இரவு 11. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் நள்ளிரவு கடந்து 1 மணி. எந்த நேரத்தை வைத்தாலும் யாரோ ஒருவர் தூக்கத்தை விட்டே வரவேண்டும். எப்பொழுதும் ஒருவரே அத்தியாகத்தைச் செய்யாதபடி முறை வைத்து மாற்றுவதும் தலைமையின் ஒரு பகுதி.

மொழியும் ஒன்றல்லவே! பிரேசில் நாட்டவனும் ஜப்பானியப் பெண்ணும் தத்தம் சைகை மொழியிற் பேசினால் ஒருவரையொருவர் விளங்கார். ஆகவே சர்வதேசச் சைகை என்னும் பொது வழக்கைக் கையாள்கின்றனர். அது நிறைந்த அகராதி கொண்ட மொழியன்று. எதிரிலிருப்பவர் விளங்கிக்கொண்டாரா என்பதை அவர் முகத்திலே பார்த்து, விளங்காவிடின் வேறு விதமாகக் காட்டி, விட்டுக்கொடுத்து நடத்தும் பேச்சு அது. சிறு கட்டத்துள் தெரியும் முகத்திலே அந்த ஐயத்தைக் கண்டுகொள்வதற்கு எத்தனை பொறுமை வேண்டும்! சர்வதேசக் கூட்டங்களுக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞன் ஒன்றும் விளங்காமலே தலையசைத்துக்கொண்டிருப்பது எளிது. அவனைக் கண்டுபிடித்து, நிறுத்தி, மறுபடியும் காட்டி, அவனையும் பேச வைப்பவரே நல்ல தலைவர்.

செய்தி எட்டாத இடம்

அமைப்பைக் கலையாமற் காத்தல் ஒரு பணி. உயிரைக் காக்கும் செய்தியைக் கொண்டுசேர்த்தல் மற்றொன்று. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு நாட்டுத் தலைவரும் தொலைக்காட்சியிலே தோன்றி, வீட்டுக்குள் இருங்கள், கைகளைக் கழுவுங்கள், இந்த அறிகுறி தோன்றினால் இங்கே செல்லுங்கள் என்று கூறினர். பல இடங்களில் அருகே சைகைமொழி பெயர்ப்பாளர் இருக்கவில்லை. எழுத்தாக வருகின்றதே என்று எண்ணலாம். ஆனால் சைகை மொழியே முதன்மொழியாகவும், எழுத்துமொழி இரண்டாம் மொழியாகவும் உள்ளவருக்கு, திரையின் அடியில் விரைந்தோடும் எழுத்து அந்நிய மொழியிலே விரைந்தோடுவதை ஒக்கும்.

சம்மேளனமும் உலகச் சைகைமொழி பெயர்ப்பாளர் சங்கமும் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே இணைந்து, பொதுச் சுகாதாரச் செய்திகளை ஒவ்வொரு நாட்டின் சைகை மொழியிலும் வழங்குதற்கான வழிகாட்டல்களை வெளியிட்டன. கேட்டும் கிடையாத இடங்களிலே காதுகேளாதோர் நீதிமன்றத்தை நாடினர். அமெரிக்காவில் காதுகேளாதோர் தேசிய சங்கமும் ஐவரும் தொடுத்த வழக்கில், வெள்ளை மாளிகையின் பெருந்தொற்று விளக்கங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தோன்ற வேண்டும் என்று 2020 செப்டெம்பரிலே கூட்டாட்சி நீதிபதி கட்டளையிட்டார். அக்கட்டளை ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவிலே, 2020 செப்டெம்பர் 21, ஒக்டோபர் 12 ஆகிய இரு தினங்களில் நிகழ்ந்த அரச விளக்கங்களுக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தாமை சமத்துவச் சட்டத்துக்கு மாறானது என்று 2021 யூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டிலேயே அந்நாடு பிரித்தானியச் சைகை மொழியைச் சட்டத்தினால் ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றத்தின் கதவு திறக்க மாதங்கள் செல்லும். நோய் அதுவரை காத்திராது. அந்த இடைவெளியை நிரப்புவோர் யார்? எழுத்தை நன்கு வாசிக்கத்தக்க காதுகேளாத இளைஞர்களே. அறிவித்தலை வாசித்து, தம் கைத்தொலைபேசியின் முன் நின்று சைகையிலே விளக்கி, அந்தப் படத்தைப் பிறருக்கு அனுப்புவதற்குப் பதவியோ பணமோ வேண்டியதில்லை. வதந்தி எழுந்தால் அதை மறுக்கவும் அதே வழிதான் உண்டு. பெரிய சங்கத்தின் பெயரை விட, அறிந்த முகமொன்று அறிந்த மொழியிலே சொல்வதற்கே மக்கள் செவி—இல்லை, கண்—கொடுக்கின்றனர்.

சுமைதாங்கி

எமது ஊர்களிலே வழியோரங்களிற் சுமைதாங்கி என்னும் கற்களை முன்னோர் நாட்டி வைத்தனர். தலைச்சுமையோடு நடந்து வருபவர், ஒருவருடைய உதவியுமின்றி அதிலே பாரத்தை இறக்கி இளைப்பாறி மீண்டும் எடுத்துச் செல்லலாம். அந்தக் கல் எங்கும் போவதில்லை. நின்ற இடத்திலேயே நிற்கும். நிற்பதே அதன் உபகாரம். பெருந்தொற்றுக் காலத்தில் இத்தொண்டர்கள் ஆற்றிய பணியை நினைக்கும்போது எனக்கு அக்கல்லே நினைவில் வருகின்றது.

அவர்கள் பெரிய விழா எடுக்கவில்லை, எடுக்கவும் முடியவில்லை. குறித்த நாளிலே, குறித்த நேரத்திலே, திரையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். வீட்டிலே மூன்று கிழமையாக ஒருவரோடும் பேசாத ஓர் இளைஞன் அந்தத் திரையில் வந்து தன் பாரத்தை இறக்கினான். வந்தவர்கள் ஐவராயினும் கூட்டம் நடந்தது. கணக்குகள் எழுதப்பட்டன, கடிதங்களுக்கு மறுமொழி சென்றது, தேசிய சங்கங்களோடு தொடர்பு அறாமல் இருந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இதில் என்ன சாதனை என்று தோன்றலாம். ஓர் அமைப்பு இறந்துபோகாதிருப்பது இத்தகைய சிறு காரியங்களினாலேயே என்பதை ஒரு சனசமூக நிலையத்தையாவது நடத்திப் பார்த்தவர்கள் அறிவர்.

கல்லூரிகளிலே மன்றத் தலைவர், செயலாளர் பதவிகளுக்கு மாணவர் போட்டியிடுகின்றனர். பரிசளிப்பு விழாவன்று மேடையில் அமர்வதும், மாலை பெறுவதும், சஞ்சிகையிலே படம் வருவதும் அவர்கள் கண்முன் நிற்கின்றன. குற்றமன்று, இளமைக்கு இயல்பே. ஆயினும் மேடையும் மாலையும் இல்லாத ஆண்டொன்று வந்தால் அப்பதவியை விரும்புவோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வது நன்று. பாரிஸிலே தெரிவான இளைஞர்களுக்கு அத்தகைய ஆண்டுகள் மூன்று தொடர்ந்து வந்தன. பொறுப்பைக் கீழே போட்டுவிட்டுப் போயிருந்தாலும் அவர்களை எவரும் பெரிதாகக் குறை கூறியிருக்க மாட்டார். சம்பளம் வாங்காதவனைச் சட்டம் கட்டாது. ஏற்ற சொல் ஒன்றே கட்டும்.

2023 யூலையிலே ஜெஜு தீவில் உலக மகாநாடு குறித்தபடியே கூடியது. ‘நெருக்கடிக் காலங்களில் மனித உரிமைகளைப் பாதுகாத்தல்’ என்பது அதன் தொனிப்பொருளாக இருந்தது. காதுகேளாத பிள்ளைகளின் உரிமைகள் பற்றிய பிரகடனமொன்றும் அங்கே வெளியிடப்பட்டது. பிள்ளை பிறந்தது முதலே சைகை மொழியை அடையும் உரிமை அதிலே வலியுறுத்தப்பட்டுள்ளது. அதே மாதத்தில் தென்னாபிரிக்கா தன் நாட்டுச் சைகை மொழியைப் பன்னிரண்டாவது அரசகரும மொழியாக்கியது. நான்கு ஆண்டுகளின் பின் கைகள் மீண்டும் நேரிலே உயர்ந்து அசைந்தன.

நாம் செய்யத்தக்கது

தூர தேசத்துக் கதை என்று வாசகர்கள் இதனை மடித்து வைத்துவிடலாகாது. நோய் நீங்கிற்று, முகக்கவசத்தையும் பெரும்பாலும் நீக்கிவிட்டோம். ஆனால் ஒரே வீட்டில் ஒரே மேசையிலிருந்து உண்ணும் காதுகேளாத மகனோடு, “சாப்பிடு”, “போ”, “வா” என்பவற்றுக்கு மேல் ஒன்றும் கதைக்காத பெற்றோர் இன்றும் உளர். அவர்களுக்கு அன்பில்லை என்று கூற மாட்டேன். பிள்ளை வாய்ப்பேச்சைக் கற்க வேண்டும் என்றே காத்திருக்கின்றனர். பிள்ளையின் மொழியைத் தாம் கற்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் ஒருவராவது, தம்பியோ தங்கையோ, ஒரு நாளைக்கு ஐந்து சைகைகள் கற்றாற் போதும். ஒரு மாதத்திலே நூற்றைம்பது சொற்கள் ஆகும். நூற்றைம்பது சொற்களில் ஒரு மனிதனின் துக்கத்தைக் கேட்டுவிடலாம்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். ‘செவிடு’, ‘ஊமை’ என்பவற்றை விளையாட்டுக்கும் வசையாகப் பயன்படுத்தாதீர்கள். காதுகேளாத ஒருவர் கடையிலோ பேருந்திலோ தடுமாறினால், உரத்துக் கத்துவதாற் பயனில்லை. முகத்தை அவருக்கு நேரே திருப்பி, ஆறுதலாகப் பேசுங்கள். இல்லையேல் ஒரு துண்டுக் காகிதத்தை எடுங்கள். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பேனா ஒன்று போதும்.

மருந்துக் கடையிலே கண்ட அந்தத் தம்பியைச் சில மாதங்களின் பின் பேருந்து நிலையத்தில் மீண்டும் கண்டேன். வாங்கிலே கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன் இரு கைகளாலும் விரைவாகக் கதைத்துக்கொண்டிருந்தான். சிறிய திரையிலே நாலைந்து முகங்கள். நாலைந்து சோடிக் கைகள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தான். திரையிலிருந்தவர்களுக்கு என்னைச் சுட்டிக் காட்டி ஏதோ கூறினான். அவர்கள் எல்லோரும் ஒருங்கே என்னை நோக்கிக் கைகளை உயர்த்தி அசைத்தார்கள். நானும் கையை உயர்த்தி அசைத்தேன். அதற்கு மேல் அவர்கள் மொழியிற் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வயதைக் கடந்த பட்டதாரி ஆசிரியனாகிய நான், அந்தச் சபையிலே சொல்லற்றவனாக நின்றேன். மறுநாளே கற்கத் தொடங்கினேன்.